குற்றமற்றவனுக்கு ஏன் தனிச்சொல் இல்லை?

ஆங்கிலத்தின் ‘இன்னொசன்ட்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தால் முதலில் கையில் வருவது ஒரு ‘இல்லை’. லத்தீனில் ‘நொகேரே’ என்றால் தீங்கு செய்தல். ‘நொகென்ஸ்’ என்றால் தீங்கு செய்கிறவன். முன்னால் ‘இன்’ சேர்த்தால் தீங்கு செய்யாதவன். அவ்வளவுதான் இன்னொசன்ட். ஜெர்மன்காரர்கள் ‘உன்ஷுல்டிக்’ என்பார்கள்: ‘ஷுல்ட்’ என்றால் குற்றம், ‘உன்’ என்றால் இல்லாத. நம்ம ஊரில் ‘நிரபராதி’. அபராதம், அதாவது குற்றம், இல்லாதவன். ‘குற்றமற்றவன்’ பற்றிச் சொல்லவே வேண்டாம், அதில் எல்லாமே வெளிப்படை.

திருடனுக்குப் பெயர் இருக்கு. கொலைகாரனுக்கு இருக்கு. பொய்ச்சாட்சி சொன்னவனுக்குக்கூட இருக்கு. எதையும் செய்யாதவனுக்கு மட்டும் செய்தவனின் சொல்லைக் கடன் வாங்கி, அதில் ஒரு எதிர்மறையை ஒட்டிக் கொடுத்திருக்கிறார்கள்.

புரோகிராம் எழுதுகிறவர்களுக்கு இதில் பெரிய ஆச்சரியம் இருக்காது. டீஃபால்ட்டாக இருக்கும் நிலைக்கு யாரும் தனியாகப் பெயர் வைப்பதில்லை. மாறினால்தான் கொடி ஏற்றுவோம். ‘குற்றவாளி’ என்று ஒரு கொடி. அது ஏறாதவரை மனுஷன் சும்மா மனுஷன். மொழி இப்படித்தான் யோசிக்கிறது.

ஆனால் சட்டம் எப்போதும் இப்படி யோசிக்கவில்லை. இங்கிலாந்தின் வரலாற்றைப் பார்த்தால், பல நூற்றாண்டுகளுக்கு அங்கே டீஃபால்ட் தலைகீழாக இருந்திருக்கிறது. அது மெல்ல மெல்லத் திரும்பிய கதையின் தடங்கள் ஆங்கிலத்தின் குற்றச் சொற்களிலும், ‘அன்’, ‘இன்’, ‘டிஸ்’ என்ற முன்னொட்டுகளிலும் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அவற்றைக் கொஞ்சம் வரிசைப்படுத்திப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பு.

திருட்டு உள்ளூர், தண்டனை வெளியூர்

ஆங்கிலத்தின் குற்றச் சொற்களில் மூன்று அடுக்கு உண்டு. அடியில் இருப்பது பழைய ஆங்கிலம். தீஃப், தெஃப்ட், ஸ்டீல், மர்டர், கில்ட் எல்லாம் அங்கிருந்து வந்தவை. கூடவே உடம்பைத் தொடும் தண்டனைகளின் பெயர்களும்: தூக்கில் போடும் ‘ஹேங்’, தூக்குமரமான ‘கேலோஸ்’, விலங்கான ‘ஷேக்கிள்’, ‘ஃபெட்டர்’.

அதற்கு மேலே 9ஆம் நூற்றாண்டிலிருந்து இங்கிலாந்தின் வடக்கிலும் கிழக்கிலும் குடியேறிய வைக்கிங்குகளின் மொழி. ‘லா’ என்ற சொல்லே அவர்கள் கொடுத்ததுதான். ‘போட்டு வைக்கப்பட்டது’, ‘நிலைநிறுத்தப்பட்டது’ என்று அதற்கு அர்த்தம். ‘ராங்’ அவர்களுடையது, முதலில் ‘கோணலானது’ என்று பொருள். ‘ரேன்சாக்’ என்று இன்று சூறையாடலுக்குச் சொல்கிறோமே, அது திருட்டுப் பொருளைத் தேடி ஒருவர் வீட்டைச் சோதனை போடுவதற்கான சட்டச் சொல்லாக இருந்தது. சோதனை போட்ட லட்சணம் எப்படி இருந்திருக்கும் என்று சொல்லின் இன்றைய அர்த்தமே காட்டிக் கொடுத்துவிடுகிறது. ‘அவுட்லா’வும் அவர்கள் கொடுத்ததே. சட்டத்துக்கு வெளியே தள்ளப்பட்டவன்; அவனை யார் வேண்டுமானாலும் ஓநாயைப் போல அடித்துக் கொல்லலாம் என்ற நிலை. இங்கிலாந்தின் சட்டப் புத்தகத்திலிருந்து இந்தத் தண்டனை முழுசாகப் போனது 1938-ல்.

மூன்றாவது அடுக்கு 1066-ல் நார்மண்டியிலிருந்து வந்து இங்கிலாந்தைப் பிடித்த வில்லியமோடு வந்தது. கிரைம், ஃபெலனி, ஜட்ஜ், ஜூரி, ஜஸ்டிஸ், கோர்ட், அரெஸ்ட், பிரிசன், ஜெயில், பெயில், ஃபைன், பனிஷ்மென்ட், வாரண்ட், சம்மன்ஸ், வெர்டிக்ட், சென்டென்ஸ். எல்லாம் பிரெஞ்சு வழியாக வந்தவை.

அடுக்குகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஒரு விஷயம் பளிச்சென்று தெரியும். தெருவில் நடப்பதற்கு உள்ளூர்ச் சொல். அதை அரசாங்கம் எழுதி, பிடித்து, விசாரித்து, தீர்ப்புச் சொல்வதற்கு வெளியூர்ச் சொல். திருடுவது ஆங்கிலத்தில், மாட்டிக்கொள்வது பிரெஞ்சில்.

இதில் ஒரு சுவாரசியமான வழக்கு ‘மர்டர்’. பழைய ஆங்கிலத்தில் அது மறைவாகச் செய்யும் கொலையைக் குறித்தது. வில்லியமின் ஆட்களை ஆங்கிலேயர்கள் இருட்டில் ஆங்காங்கே தீர்த்துக் கட்ட ஆரம்பித்ததும், ‘மர்ட்ரம்’ என்று ஒரு அபராதம் வந்தது. ஒரு பிரெஞ்சுக்காரன் செத்துக் கிடந்து, கொன்றவனை ஊர் பிடித்துக் கொடுக்காவிட்டால், அந்த வட்டாரமே பணம் கட்ட வேண்டும். ஒரு பழைய சட்டத் தொகுப்பு அதை 46 மார்க் வெள்ளி என்கிறது. செத்தவன் ஆங்கிலேயன் என்று ஊர் நிரூபித்துவிட்டால் அபராதம் கிடையாது. நிரூபிக்காதவரை பிணம் பிரெஞ்சுக்காரனுடையது! பிணத்தின் இனத்துக்கு ஒரு டீஃபால்ட் வைத்திருந்தார்கள், சுமை ஊர் தலையில். இந்த ஏற்பாடு ஒழிந்தது 1340-ல்.

கோர்ட்டு கச்சேரி

இந்த இடத்தில் தமிழுக்கு ஒரு எட்டு வந்துவிட்டுப் போகலாம், ஏன்னா அதே அமைப்பு இங்கேயும் இருக்கு. களவு, திருட்டு, கொலை, கொள்ளை, அடிதடி எல்லாம் நம் சொற்கள். ஆனால் கேஸ் என்று ஆனவுடன் ஜாமீன், கைதி, வக்கீல், வாய்தா, ஜப்தி, பிராது, ரத்து. இவை நவாபு கால நிர்வாகம் வழியாகவும் பிறகு கம்பெனிக் கச்சேரிகள் வழியாகவும் வந்த அரபு, பாரசீகச் சொற்கள். அதற்கு மேல் இன்னொரு அடுக்கு: வாரண்டு, சம்மன், பெயில், பரோல், போலீஸ். ஆங்கிலச் சொற்கள் என்று நாம் நினைக்கும் இந்த ஐந்தும் ஆங்கிலத்துக்குப் பிரெஞ்சு கொடுத்தவை. வில்லியமின் ஆட்கள் கப்பலில் கொண்டு வந்த ‘வாரண்ட்’ தொள்ளாயிரம் வருஷம் கழித்து நம்ம ஊர் டீக்கடையில் ‘அவன் மேல வாரண்டு இருக்குப்பா’ என்று புழங்குகிறது.

வாரண்டு என்றதும் இன்னொன்று. நார்மன்காரர்கள் ‘வ’ என்று ஆரம்பித்த பல சொற்களை பாரிஸ் பக்கத்துக்காரர்கள் ‘க’ என்று ஆரம்பித்தார்கள். ஆங்கிலம் இரண்டையும் வாங்கிப் போட்டுக்கொண்டது. அதனால் பிடியாணையான வாரண்டும், ஃப்ரிட்ஜுக்குக் கொடுக்கும் வாரண்டியும், கேரண்டியும் வேரில் ஒரே சொல்.

இரண்டு மொழி புழங்கிய இடத்தில் எழுத்தர்கள் பாதுகாப்புக்கு இரண்டையும் சேர்த்து எழுதும் பழக்கம் வந்தது. ‘பிரேக்கிங் அண்ட் என்டரிங்’ என்பதில் முதல் சொல் ஆங்கிலம், இரண்டாவது பிரெஞ்சு. ‘லா அண்ட் ஆர்டர்’ என்பதில் முதலாவது வைக்கிங்குகளுடையது, இரண்டாவது பிரெஞ்சு. தமிழில் இதற்குச் சரியான ஜோடி ‘கோர்ட்டு கச்சேரி’. இங்கிலாந்து வழியாக வந்த பிரெஞ்சும், வடக்கிலிருந்து வந்த இந்துஸ்தானியும் கைகோத்து நிற்கின்றன. ரெண்டுக்கும் ஒரே அர்த்தம்தான். ஆனாலும் ‘கோர்ட்டு கச்சேரின்னு அலைய முடியாது’ என்று சொன்னால்தான் அலுப்பு முழுசாக வருகிறது.

அன்லாஃபுல், இல்லீகல்

இனி முன்னொட்டுகள். ‘அன்’ ஆங்கிலத்தின் பூர்விகச் சொத்து. ‘இன்’ லத்தீன் வழி வந்தது. ஆனால் இரண்டும் ஒரே பாட்டியின் பேத்திகள். சமஸ்கிருதத்தின் ‘அ’, ‘அந்’ ஆகியவையும் அதே குடும்பம். அதாவது ‘அநீதி’, ‘அநியாயம்’, ‘அதர்மம்’ என்று நாம் சொல்லும்போது முன்னால் நிற்பதும், ‘அன்ஜஸ்ட்’ என்பதில் முன்னால் நிற்பதும் மிகத் தூரத்துச் சொந்தம். தமிழின் சொந்த எதிர்மறை வேறு வழியில் போகிறது: அடங்காத, அறியாத, இல்லாத, அற்ற. நமக்கு மறுப்பு சொல்லின் பின்பக்கம் வரும்.

‘இன்’ அடுத்து வரும் எழுத்தைப் பார்த்து முகம் மாற்றிக்கொள்ளும். ‘லீகல்’ முன்னால் ‘இல்லீகல்’. ‘ரெகுலர்’ முன்னால் ‘இர்ரெகுலர்’. ‘பார்ஷியல்’ முன்னால் ‘இம்பார்ஷியல்’. கண்+நீர் கண்ணீர் ஆவதும், பொன்+குடம் பொற்குடம் ஆவதும் படித்த நமக்கு இதைப் புரியவைக்க வேண்டியதே இல்லை, புணர்ச்சிதான். ஆனால் ‘அன்’ இப்படி மாறாது. ‘அன்லாஃபுல்’ என்பது ‘அல்லாஃபுல்’ ஆவதில்லை. காரணம் எளிது: லத்தீன்காரர்கள் தங்கள் வாயில் புணர்த்தி முடித்த சொல்லை ஆங்கிலம் முழுசாக வாங்கியது. ‘அன்’ ஆங்கிலத்திலேயே தேவைப்பட்டபோதெல்லாம் ஒட்டப்பட்டது.

அதனால் ஒரே குடும்பத்தில் இரண்டு முன்னொட்டு நிற்கும் வேடிக்கையும் உண்டு. பண்பைச் சொன்னால் ‘அன்ஜஸ்ட்’. பெயராகச் சொன்னால் ‘இன்ஜஸ்டிஸ்’. ‘அன்ஈக்வல்’, ஆனால் ‘இன்ஈக்வாலிட்டி’. ‘அன்ஏபிள்’, ஆனால் ‘இன்எபிலிட்டி’. பள்ளியில் ஏன் இப்படி என்று கேட்டால் ‘அது அப்படித்தான்’ என்பார்கள். உண்மையில் பெயர்ச்சொற்கள் பிரெஞ்சிலிருந்து முன்னொட்டோடு பார்சலாக வந்தவை. பெயரடைகளுக்கு ஆங்கிலேயர்கள் கையிலிருந்த ‘அன்’னை ஒட்டிக்கொண்டார்கள்.

‘அன்லாஃபுல்’, ‘இல்லீகல்’ இரண்டும் சட்டத்துக்குப் புறம்பானது என்றே சொல்கின்றன. முன்னது 1300 வாக்கிலிருந்து இருக்கிறது. நடுவில் வைக்கிங் ‘லா’, இரண்டு பக்கமும் ஆங்கில ஒட்டு. பின்னது 17ஆம் நூற்றாண்டில் வந்த படித்தவர் வீட்டுச் சொல். ‘லா’வும் ‘லீகல்’லும் ஓசையில் நெருக்கமாகத் தெரிந்தாலும் வழி வேறு.

முன்னொட்டு மாறினால் அர்த்தம் மாறும் இடங்களும் உண்டு, அங்கேதான் கவனம் வேண்டும். ‘அன்இன்ட்ரஸ்டட்’ என்றால் ஆர்வமில்லாதவர். ‘டிஸ்இன்ட்ரஸ்டட்’ என்றால் தன் லாபநஷ்டம் எதுவும் அதில் இல்லாதவர். நீதிபதி இரண்டாவதாக இருக்கணும். முதலாவதாக இருந்தால் நம்ம கேஸ் முடிஞ்சது.

இன்னொரு பொறி: எல்லா ‘இன்’னும் மறுப்பு இல்லை. லத்தீனில் ‘உள்ளே’, ‘மேலே’ என்று பொருள்படும் வேறொரு ‘இன்’ உண்டு. ‘இம்பிரிசன்’ என்றால் சிறை இல்லை என்று அர்த்தமில்லை, சிறைக்குள் தள்ளு. ‘இன்கிரிமினேட்’ என்றால் குற்றத்துக்குள் இழுத்துவிடு. ஆனால் ‘இம்ப்யூனிட்டி’யில் இருப்பது மறுப்பு ‘இன்’: தண்டனை இல்லாமல் தப்பித்தல். ஒரே வேஷத்தில் இரண்டு ஆள். ஒருவன் உள்ளே தள்ளுகிறான், ஒருவன் வெளியே விடுகிறான்.

வாய் திறக்காதவன் என்ன ஆனான்?

இப்போது முதல் கேள்விக்குத் திரும்பலாம். பழைய ஆங்கிலத்திலும் குற்றமற்றவனுக்கு எதிர்மறைச் சொல்தான்: ‘அன்ஷில்டிக்’. ஜெர்மன் சொல்லின் உடன்பிறப்பு. ஆனால் அந்தக் கால நடைமுறையில் அந்த ‘அன்’னை ஒட்டிக்கொள்வது குற்றம் சாட்டப்பட்டவனின் வேலை. ஊர்க்காரர்கள் சிலரைக் கூட்டி வந்து, ‘இவன் சொல்வது சத்தியம்’ என்று அவர்களைச் சத்தியம் செய்ய வைக்கணும். முடியாவிட்டால் ‘ஆர்டீல்’. காய்ச்சிய இரும்பைக் கையில் பிடித்து நடந்து, கட்டுப் போட்டு, மூன்று நாள் கழித்துப் புண் எப்படி இருக்கிறது என்று பார்ப்பார்கள். அல்லது குளிர்ந்த நீரில் இறக்குவார்கள்; மூழ்கினால் குற்றமற்றவன், மிதந்தால் குற்றவாளி. ‘ஆர்டீல்’ என்ற சொல்லுக்கு முதல் அர்த்தம் ‘தீர்ப்பு’தான். இன்று அது பெரும் சோதனையைக் குறிப்பதற்குக் காரணம் அந்த இரும்பும் தண்ணீரும்.

1215-ல் நான்காம் லேட்டரன் சங்கம் பாதிரிமார்கள் இதில் கலந்துகொள்ளக் கூடாது என்று தடுத்தது. கடவுளின் பிரதிநிதி இல்லாமல் கடவுளின் தீர்ப்பு எப்படி? அந்த வெற்றிடத்தில்தான் இங்கிலாந்தில் ஜூரி வளர்ந்தது. ஆனால் ஜூரி விசாரணைக்குக் குற்றம் சாட்டப்பட்டவன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. ‘கில்டியா, நாட் கில்டியா?’ என்ற கேள்விக்கு அவன் பதில் சொன்னால்தான் வண்டி நகரும். அவன் வாயே திறக்காவிட்டால்?

சாஃப்ட்வேரில் இதைத்தான் முதலில் கேட்போம்: இன்புட் வரலைன்னா என்ன செய்யணும்? இங்கிலாந்தின் பதில் பயங்கரமானது. 1275-ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிப்பட்டவனைக் கடுஞ்சிறையில் வை என்றது. நாளடைவில் அது, ஆளைப் படுக்கவைத்து மேலே பாரம் ஏற்றி நசுக்குவதாக மாறியது. சிலர் தெரிந்தே அதைத் தேர்ந்தெடுத்தார்கள். தீர்ப்பு வராமல் செத்தால் சொத்து அரசனுக்குப் போகாது, குடும்பத்துக்கு மிஞ்சும். யார்க் நகரில் கத்தோலிக்கப் பாதிரிகளுக்கு இடம் கொடுத்ததாகக் குற்றம் சாட்டப்பட்ட மார்கரெட் கிளித்ரோ, வழக்கு நடந்தால் தன் பிள்ளைகளையே சாட்சிக் கூண்டில் ஏற்றுவார்கள் என்று பதில் சொல்ல மறுத்தார். 1586 மார்ச்சில் அவர் மேல் ஒரு கதவை வைத்து அதன்மேல் கற்களை அடுக்கிக் கொன்றார்கள்.

1772-ல் இது ஒழிக்கப்பட்டது. மாற்றாக வந்த விதி: பதில் சொல்லாதவனைக் குற்றத்தை ஒப்புக்கொண்டவனாக எடுத்துக்கொள். அதாவது மௌனம் சம்மதம். நசுக்குவதைவிடப் பரவாயில்லை. ஆனால் டீஃபால்ட் இன்னும் ‘கில்டி’தான்.

1827-ல் இன்னொரு சட்டம் வந்தது. பதில் சொல்லாதவன் பெயரில் ‘நாட் கில்டி’ என்று நீதிமன்றமே பதிவு செய்யட்டும். ஒரு வரித் திருத்தம். ஆனால் டீஃபால்ட் புரண்டது இங்கேதான். ஐம்பத்தைந்து வருஷ இடைவெளியில், அதே மௌனத்துக்கு நேர் எதிர் அர்த்தம்.

கல்ப்ரிட்

இந்தப் பழைய டீஃபால்ட்டின் தடம் ஒரு சொல்லில் அப்படியே உறைந்து கிடக்கிறது. ‘கல்ப்ரிட்’. அதைச் சொல்ல நீதிமன்ற மொழியைப் பற்றி இரண்டு வரி வேண்டும்.

1362-ல் இங்கிலாந்து நாடாளுமன்றம், இனி வாதங்கள் ஆங்கிலத்தில் நடக்க வேண்டும் என்று சட்டம் போட்டது. தனக்கு எதிராக என்ன பேசுகிறார்கள் என்பதே வழக்கில் சிக்கியவனுக்குப் புரியவில்லை என்பது அது சொன்ன காரணம். அந்தச் சட்டம் எழுதப்பட்ட மொழி பிரெஞ்சு! வக்கீல்கள் தங்கள் பிரெஞ்சை அதற்கப்புறமும் விடவில்லை. போகப் போக அது பிரெஞ்சும் லத்தீனும் ஆங்கிலமும் கலந்த ஒரு கிச்சடி ஆனது. 1631-ல் சாலிஸ்பரியில் தண்டனை விதிக்கப்பட்ட ஒரு கைதி நீதிபதி மேல் செங்கல் துண்டை வீசினான், மயிரிழையில் தப்பியது. உடனே அவன் வலது கையை வெட்டி, தூக்குமரத்தில் அறைந்து, நீதிபதியின் கண்முன்னேயே தூக்கில் போட்டார்கள். இதைப் பதிவு செய்த குறிப்பில் ‘பிரிக்பேட்’ என்ற ஆங்கிலச் சொல் பிரெஞ்சு இலக்கணத்துக்கு நடுவில் கூசாமல் உட்கார்ந்திருக்கிறது. நம்ம ஆபீஸ் மெயில்களின் தங்கிலீஷுக்கு முன்னோடி. ஆனால் ஒரு மனுஷனின் கையும் உயிரும் போன செய்தி அது. பிரெஞ்சும் லத்தீனும் நீதிமன்றங்களை விட்டுச் சட்டப்படி வெளியேறியது 1733-ல்.

கல்ப்ரிட்டுக்கு வருவோம். கைதி எழுந்து ‘நாட் கில்டி’ என்பான். அரசு தரப்பு எழுத்தர் பிரெஞ்சில் பதில் சொல்வார்: ‘கல்பாப்ளே’, நீ குற்றவாளிதான், ‘பிரெஸ்ட்’, நிரூபிக்க நாங்கள் தயார். இதைச் சுருக்கி ‘கல். பிரிட்.’ என்று ஏட்டில் குறிப்பார்கள். பின்னால் வந்த எழுத்தர்களுக்குப் பிரெஞ்சு தெரியாது, சுருக்கம் மட்டும் தெரியும். இரண்டையும் சேர்த்துப் படித்து, கைதியைக் கூப்பிடும் சொல் என்று எடுத்துக்கொண்டார்கள். 1678-ல் பெம்புரோக் பிரபு மீதான கொலை வழக்கில் இந்தச் சொல் முதன்முதலாகப் பதிவாகிறது. அப்போது அதற்கு அர்த்தம் ‘கூண்டில் நிற்பவர்’. அடுத்த நூற்றாண்டில் அது ‘குற்றம் செய்தவர்’ என்று மாறிவிட்டது.

யோசித்துப் பாருங்கள். ‘நான் செய்யவில்லை’ என்று ஒருவன் சொன்ன அடுத்த நொடி, எதிர்த்தரப்பு சொன்ன பதில் அவன் பெயராகவே ஆகிப்போனது.

‘கிரைம்’ என்ற சொல்லின் கதையும் இதேதான். லத்தீனில் ‘கிரிமென்’ என்றால் குற்றச்சாட்டு. சாட்டியது மெல்ல நழுவி, செய்தது ஆகிவிட்டது. சாட்டுக்கும் செயலுக்கும் நடுவில் ஒரு விசாரணை இருக்கணும். சொற்கள் அதற்குக் காத்திருப்பதில்லை.

தங்க இழை

1827-ல் மௌனத்தின் அர்த்தம் மாறினாலும் மீதி எல்லாம் உடனே மாறிவிடவில்லை. ஃபெலனி வழக்கில் குற்றம் சாட்டப்பட்டவருக்காக வக்கீல் ஜூரியிடம் முழுமையாக வாதாடும் உரிமையே 1836-ல்தான் வந்தது. அவர் தனக்காகத் தானே சத்தியம் செய்து சாட்சி சொல்லும் உரிமை எல்லா வழக்குக்கும் கிடைத்தது 1898-ல்.

1934 டிசம்பரில் ரெஜினால்ட் உல்மிங்டன் என்ற 21 வயதுப் பண்ணைத் தொழிலாளி, பிரிந்து போன தன் மனைவி துப்பாக்கிச் சூட்டில் இறந்த வழக்கில் கைதானார். அது தவறுதலாக வெடித்தது என்றார். கொன்றது நிரூபணமாகிவிட்டால், தவறுதலாக நடந்தது என்பதை அவர்தான் நிரூபிக்க வேண்டும் என்று நீதிபதி ஜூரிக்கு எடுத்துரைத்தார். தூக்குத் தண்டனை. 1935-ல் பிரபுக்கள் சபை அதை ரத்து செய்தது. ஆங்கிலக் குற்றவியல் சட்டம் என்ற நெசவு முழுக்க ஓடும் தங்க இழை ஒன்று உண்டு, குற்றத்தை நிரூபிப்பது அரசு தரப்பின் கடமை என்பதே அது, என்றார் சாங்கி பிரபு. என்றைக்கும் இருந்ததுபோலத்தான் சொன்னார். நூறு வருஷம் முன்புவரை அந்த இழை நெசவில் எவ்வளவு இடங்களில் அறுந்திருந்தது என்பதை மேலே பார்த்தோம்.

‘நாட் கில்டி’ என்ற தீர்ப்பு ‘இன்னொசன்ட்’ என்று ஏன் சொல்வதில்லை என்பதும் இங்கே விளங்கும். நீதிமன்றம் ஒருவரின் தூய்மையைச் சோதிக்கவில்லை. குற்றம் என்ற ஒரு கூற்றைச் சோதிக்கிறது. கூற்று நின்றால் கில்டி. நிற்காவிட்டால் அவர் முன்பு எப்படி இருந்தாரோ அப்படியே. ஸ்காட்லாந்தில் ‘நாட் புரூவன்’, நிரூபணமாகவில்லை, என்று மூன்றாவதாக ஒரு தீர்ப்பு நூற்றாண்டுகளாக இருந்தது. விடுதலையும் கிடைக்கும், சந்தேகமும் ஒட்டிக்கொண்டே வரும். 2025-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் அதை நீக்கச் சட்டம் நிறைவேற்றியது. டீஃபால்ட்டுக்கு ஒரு நிலைதான் இருக்க முடியும்.

இங்கே

மெக்காலே தலைமையில் 1837-ல் வரைவாகி, 1860-ல் சட்டமாகி, 1862-ல் நடைமுறைக்கு வந்த இந்திய தண்டனைச் சட்டம், சொற்கள் விஷயத்தில் இங்கிலாந்தைவிட முன்னே போனது. ‘ஃபெலனி’ அதில் கிடையாது. பிரெஞ்சு ‘லார்சனி’ கிடையாது, எளிய ‘தெஃப்ட்’தான். இங்கிலாந்து ஃபெலனியைக் கைவிட்டது 1967-ல், லார்சனியைக் கைவிட்டது 1968-ல். தொள்ளாயிரம் வருஷம் சுற்றிவிட்டு, திருட்டு மறுபடி உள்ளூர்ச் சொல்லுக்கு வந்து சேர்ந்தது.

ஆனால் டீஃபால்ட் விஷயத்தில் நாம் நிம்மதியாக இருக்க முடியாது. 1967-ஆம் ஆண்டின் ‘உபா’ சட்டத்தின் பெயரில் வரும் முதல் சொல்லே ‘அன்லாஃபுல்’. அந்தச் சட்டத்தில் பின்னால் சேர்க்கப்பட்ட 43டி(5) பிரிவின்படி, பயங்கரவாதப் பிரிவுகளில் சாட்டப்பட்ட குற்றச்சாட்டு மேலோட்டமாகப் பார்த்து உண்மை என்று நம்ப இடமிருந்தால் ஜாமீன் கிடையாது. தீர்ப்பு வருவதற்கு முன்பே, சாட்டு செயலின் பக்கம் நழுவுகிறது. ‘கிரிமென்’ ‘கிரைம்’ ஆன அதே நழுவல்.

மொழியிலும் பார்க்கலாம். தமிழில் எழுதப்படும் தீர்ப்புகளிலும் போலீஸ் ஆவணங்களிலும் குற்றம் சாட்டப்பட்டவருக்கு வழக்கமான சொல் ‘எதிரி’. முதல் எதிரி, இரண்டாம் எதிரி. எதிர்த்தரப்பில் நிற்பவர் என்பதுதான் அதன் சட்டப் பொருள். ஆனால் கூண்டில் நிற்பவரின் அம்மா காதில் அது எப்படி விழும்? கல்ப்ரிட்டுக்கு நடந்ததன் தமிழ் வடிவம் இது. பத்திரிகைகள் இன்னும் ஒரு படி மேலே. ‘குற்றவாளி கைது’ என்று காலையில் போடுகிறார்கள். குற்றப்பத்திரிகைகூட இன்னும் தாக்கலாகியிருக்காது. இலங்கைத் தமிழ்ச் செய்திகளில் ‘சந்தேகநபர்’ என்று எழுதும் நல்ல பழக்கம் இருக்கிறது. அதை நாமும் எடுத்துக்கொள்வதில் ஒரு நஷ்டமும் இல்லை.

1362-ன் புகாரும் இங்கே தீரவில்லை. அரசியல் சட்டத்தின் 348ஆம் பிரிவுப்படி உயர் நீதிமன்ற நடவடிக்கைகளின் மொழி ஆங்கிலம். சென்னையில் தமிழும் வேண்டும் என்று 2006-ல் சட்டமன்றம் தீர்மானம் போட்டது. மொழி இன்னும் ஆங்கிலமாகவே இருக்கிறது. ஆயுள் தண்டனைக்கு எதிராக மேல்முறையீடு செய்தவர் தன்னைப் பற்றி என்ன பேசுகிறார்கள் என்று வக்கீலைக் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்.

குற்றமற்றவனுக்குத் தனிச்சொல் இல்லாதது ஒரு குறை என்று இதை எழுத ஆரம்பிக்கும்போது தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பெயர் தேவைப்படாத அளவுக்கு அது இயல்பு நிலையாக இருப்பதே நல்லது. அந்த இயல்பு நிலையைச் சட்டத்தில் எழுதி வாங்கத்தான் 1275-லிருந்து 1935 வரை ஆனது. அதைத் தலைப்புச் செய்தியில் ஒரே சொல்லில் திருப்பிக் கொடுத்துவிட வேண்டாம்.

ஜாமீன், வாய்தா, பிராது என்று நடுவில் ஓடிப்போன அந்த அரபு, பாரசீகச் சொற்களுக்குத் தனியாக ஒரு குறிப்பு எழுதும் அளவுக்கு விஷயம் இருக்கு. அடுத்தது அதுதான்.